ஏஜென்ட் தப்பாகத் தேடுகிறதா? டூல் விளக்கத்தை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

எலாஸ்டிக்சர்ச் மாதிரி ஒரு தேடல் தரவுத்தளத்தை ஏஐ ஏஜென்டிடம் (மொழி மாடலை வைத்துத் தானே வேலை செய்யும் நிரல்) டூலாக, அதாவது அது அழைத்துப் பயன்படுத்தும் கருவியாக, கொடுத்தவர்கள் ஒரு கட்டத்தில் "மாடல் சரியில்லை, பெரிய மாடலுக்கு மாறணும்" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். மாறுவதற்கு முன் டூலின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். இந்தக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்து வருகிற எனக்கு, பெரும்பாலும் பிரச்சினை மாடலில் இருப்பதாகத் தெரியவில்லை. நிலை என்ற ஃபீல்டில் (ஒரு பதிவில் உள்ள தகவல் புலம்) என்னென்ன குறியீடு பதிவாகிறது, தேதி எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது, ஒரு தேடலுக்கு அதிகபட்சம் எத்தனை முடிவு வரும் என்பதெல்லாம் அணியில் எல்லோருக்கும் தெரியும். ஏஜென்டிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர் (டூலுக்கு அனுப்பும் மதிப்பு) குறிப்புகள், திரும்பி வருகிற பதில், இவ்வளவுதான் அதன் கண்ணுக்குத் தெரியும்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரே இண்டெக்ஸை (தேடுவதற்காகச் சேர்த்து வைத்த ஆவணத் தொகுப்பு) வைத்துத்தான்: வாடிக்கையாளர் புகார்கள். புகார் எண், நகரம், நிலை, முன்னுரிமை, பதிவான நேரம், முடித்த நேரம், புகாரின் உரை ஆகியவை அதில் உள்ள ஃபீல்டுகள். எலாஸ்டிக்சர்ச்சை வைத்து எழுதுகிறேன். 2021-இல் அதிலிருந்து பிரிந்து வந்த ஓபன்சர்ச்சுக்கும் பெரும்பாலும் பொருந்தும். டூலை நேரடியாக மாடலின் ஏபிஐயில் (நிரல்கள் பேசிக்கொள்ளும் இடைமுகம்) கொடுத்தாலும் சரி, எம்சிபி (ஏஜென்டையும் டூல்களையும் இணைக்கும் நெறிமுறை) சர்வர் வழியாகக் கொடுத்தாலும் சரி, பார்க்க வேண்டியவை ஒன்றுதான். விளக்கங்களை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம். இங்கே படிக்க வசதியாகத் தமிழில் கொடுத்திருக்கிறேன்.

## எதையும் தொடுவதற்கு முன்

லாக்கை, அதாவது ஏஜென்ட் செய்தவற்றின் பதிவை, திறந்து பாருங்கள். ஏஜென்ட் பயனரிடம் கடைசியாகச் சொன்ன பதிலை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்று விஷயங்கள் கையில் வேண்டும்: எந்த டூலை என்ன மதிப்புகளோடு அழைத்தது, அது தரவுத்தளத்துக்கு என்ன க்வெரியாக (தேடல் கட்டளையாக) போனது, திரும்ப என்ன வந்தது. இவை லாக்கில் பதிவாகவில்லை என்றால் அதைப் பதிவு செய்ய வைப்பதுதான் முதல் வேலை. அது இல்லாமல் விளக்கத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த மாற்றம் எதைச் சரிசெய்தது என்றே தெரியாது.

லாக்கைப் பார்த்தபின் கிளை பிரியும்:

- டூலையே அழைக்கவில்லை, அல்லது வேறு டூலை அழைத்தது: அறிகுறி 1
- சரியான டூல், ஆனால் ஒரு முடிவும் வரவில்லை: அறிகுறி 2
- தேதிக் கணக்கு தவறுகிறது: அறிகுறி 3
- முடிவுகள் சரி, எண்ணிக்கை தப்பு: அறிகுறி 4
- முடிவு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமே இல்லை: அறிகுறி 5
- ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறது: அறிகுறி 6
- மெதுவாகிறது, பாதியில் நின்றுபோகிறது: அறிகுறி 7
- நேற்று வரை நன்றாக ஓடியது: அறிகுறி 8

ஒரு நிலைமை மட்டும் இந்தக் கிளைகளுக்கு வெளியே நிற்கிறது. ஏஜென்ட் எதையாவது அழித்துவிட்டது, மாற்றிவிட்டது, அல்லது ஒருவர் பார்க்கக் கூடாத புகாரை அவருக்குக் காட்டிவிட்டது என்றால், டூலை உடனே நிறுத்திவிட்டுப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடுங்கள். விளக்கத்தில் "எதையும் அழிக்காதே" என்று எழுதுவது பூட்டு ஆகாது. எம்சிபியில் ஒரு டூலை வாசிப்புக்கு மட்டும் என்று குறிக்க இடம் உண்டு. அதுவும் வெறும் குறிப்புதான், எதையும் தடுக்காது. புகாரின் உரைக்குள்ளேயே யாராவது ஏஜென்டுக்குக் கட்டளை எழுதி வைத்திருந்தால் அதையும் ஏஜென்ட் படிக்கும் என்பதை மறக்க வேண்டாம். வாசிக்க மட்டுமே உரிமை உள்ள ஏபிஐ கீ, பயனர்வாரியாக ஆவணங்களை மறைக்கும் அமைப்பு, இவை தரவுத்தளத்தின் பக்கம் இருக்க வேண்டிய வேலை.

## அறிகுறி 1: டூலை அழைக்கவே இல்லை, அல்லது தப்பான டூலை அழைக்கிறது

### விளக்கம் ஒரே வரியா?

"புகார்களைத் தேடும்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். பயனர் "அண்ணா நகர் ஆபீசுக்கு நெட் வரலன்னு போன வாரம் சொன்னேனே, என்னாச்சு?" என்று கேட்கிறார். அதில் புகார் என்ற சொல்லே இல்லை. ஏஜென்ட் பொதுவாக ஒரு ஆறுதல் பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

மாடல் நிறுவனமான ஆந்த்ரோபிக்கின் ஆவணமே ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதச் சொல்கிறது. நான் எழுதும் வரிசை இது:

"வாடிக்கையாளர்கள் பதிவு செய்த புகார்களைத் தேடித் தனித்தனிப் புகாராகத் தரும். முன்பு சொன்ன பிரச்சினை என்னவாயிற்று, ஓர் ஊரில் என்னென்ன கோளாறு வந்திருக்கிறது, ஒரு புகாரின் நிலை என்ன என்று கேட்டால் இதைப் பயன்படுத்து. எத்தனை என்று மட்டும் கேட்டால் புகார்_எண்ணு டூலைப் பயன்படுத்து. பில் தொகையும் கட்டண விவரமும் இதில் இல்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டூல் எதற்கு இல்லை என்று எழுதாவிட்டால், பில் பற்றிக் கேட்டாலும் ஏஜென்ட் இதற்குள்ளேயே வந்து தேடி, ஒன்றும் கிடைக்காமல், "உங்கள் பெயரில் பில் எதுவும் இல்லை" என்று பயனரிடம் சொல்லிவிடும். கெட்டதிலேயே மோசமான பதில் அதுதான், ஏனென்றால் கேட்பவர் அதை நம்பிவிடுவார்.

### இரண்டு டூல்கள் ஒரே வேலையைச் செய்கின்றனவா?

தேடு, தேடு2, க்வெரி_ஓட்டு என்று மூன்று டூல் இருந்தால் ஏஜென்ட் குழம்பத்தான் செய்யும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. டூல் பெயர்களையும் விளக்கங்களையும் ஒரு தாளில் எடுத்து, உங்கள் புராஜெக்ட் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். பயனர்கள் உண்மையில் கேட்ட கேள்விகள் கொஞ்சத்தைப் படித்து, எதற்கு எந்த டூல் என்று எழுதச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கேதான் ஏஜென்டும் தவறும். விளக்கத்தால் அந்தத் தயக்கம் தீரவில்லை என்றால் இரண்டு டூலையும் ஒன்றாக்குங்கள்.

### டூல்கள் அதிகமா?

ஒரே நேரத்தில் 20 டூலுக்குள் வைத்துக்கொள்ளும்படி ஓபன்ஏஐ ஆவணம் சொல்கிறது. அதைத் தாண்டி, குறைக்கவும் வழியில்லை என்றால், கேள்விக்கு ஏற்ப டூல்களை ஏற்றி இறக்கும் ஏற்பாடு வேண்டும். அது விளக்கம் எழுதுபவர் செய்யக்கூடிய வேலை இல்லை. ஏஜென்ட் அமைப்பைக் கட்டியவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: சுழியம் முடிவு, ஆனால் டேட்டா இருக்கிறது

அதிகம் வருவது இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம். முதலில் ஒரு சோதனை: லாக்கில் இருக்கும் க்வெரியை எடுத்து நீங்களே ஓட்டுங்கள். சுழியம்தானே வரும்? ஒவ்வொரு ஃபில்டராக எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்த ஃபில்டரை எடுத்ததும் முடிவு வருகிறதோ, குற்றவாளி அதுதான்.

### நிலை, வகை மாதிரியான ஃபீல்டு என்றால்: குறியீட்டைச் சொல்லவில்லை

இண்டெக்ஸில் முடிந்த புகாருக்கு "சிஎல்எஸ்டி" என்று நான்கெழுத்துக் குறியீடு பதிவாகிறது. ஏஜென்ட் "க்ளோஸ்ட்" என்று முழுச் சொல்லாக அனுப்புகிறது. அதன்மேல் தப்பு இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் ஊகிப்பார்கள். டூலின் பாராமீட்டர்களை வரையறுக்கும் ஸ்கீமாவில் அந்தப் பாராமீட்டருக்கு ஏற்கத்தக்க மதிப்புகளின் பட்டியலைக் கட்டாயமாக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் பொருளையும் எழுதுங்கள். பட்டியல் இருந்தும் பொருள் எழுதாமல் விட்டால் பாதி வேலைதான் ஆகும். முடிந்தது, வாடிக்கையாளர் திரும்பப் பெற்றது, இரட்டைப் பதிவு என்று நீக்கியது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு இருந்தால், "முடிந்த புகார்கள்" என்று பயனர் கேட்கும்போது இவற்றில் எவை சேரும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்து எழுத வேண்டும்.

எண் குறியீடுகள் இன்னும் ஆபத்து. முன்னுரிமை 1 என்றால் மிக அவசரமா, 4 என்றால் மிக அவசரமா? எழுதாவிட்டால் ஏஜென்ட் பெரிய எண்ணை அவசரம் என்று எடுத்துக்கொண்டு தேடலாம். அப்போது சுழியம்கூட வராது. தப்பான புகார்கள் வரும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

### ஊர், பெயர் மாதிரியான ஃபீல்டு என்றால்: எழுதும் முறை

பெங்களூர் 2014 நவம்பரில் ஆங்கிலத்திலும் பெங்களூரு ஆனது. பழைய பதிவுகளில் ஒன்று, புதியவற்றில் இன்னொன்று. தூத்துக்குடியைச் சிலர் டூட்டிகோரின் என்று பதிந்திருப்பார்கள். இண்டெக்ஸில் உண்மையில் எந்தெந்த எழுத்துமுறை இருக்கிறது என்று ஒரு தொகுப்புக் க்வெரி (மதிப்புவாரியாகப் பிரித்து எண்ணுவது) போட்டுப் பார்த்துவிட்டு, "பழைய பதிவுகளில் பழைய பெயரும் உண்டு, இரண்டையும் சேர்த்துத் தேடு" என்று பாராமீட்டர் குறிப்பில் எழுதுங்கள். ஊர்கள் ஏராளம் என்றால் விளக்கத்தில் அடுக்க முடியாது. ஊர்ப் பட்டியலைத் தரும் ஒரு சின்ன டூலைச் சேர்த்து, "நகர ஃபில்டர் போடுவதற்கு முன் இதில் சரியான பெயரைப் பார்த்துக்கொள்" என்று எழுதுவது நல்லது.

### எழுத்துமுறை சரிதான், இருந்தும் வரவில்லை: டெக்ஸ்ட் ஃபீல்டா, கீவேர்ட் ஃபீல்டா?

ஏஜென்ட் தானே க்வெரி எழுதும் டூல்களில் இது நிச்சயம் வரும். டெக்ஸ்ட் வகை ஃபீல்டில் மதிப்புகள் துண்டு துண்டாக உடைக்கப்பட்டு, ஆங்கிலம் என்றால் சிறிய எழுத்துக்கு மாற்றப்பட்டு இண்டெக்ஸ் ஆகின்றன. அதன்மேல் "டெர்ம்" க்வெரி போட்டால், அனுப்பிய சொல் அப்படியே ஒப்பிடப்படும். பெரிய எழுத்தில் தொடங்கும் ஊர்ப் பெயர் அங்கே ஒருபோதும் பொருந்தாது. மேப்பிங்கை (எந்த ஃபீல்டு எந்த வகை என்ற வரையறை) எடுத்துப் பாருங்கள். எலாஸ்டிக்சர்ச் தானாக உண்டாக்கிய மேப்பிங் என்றால் டெக்ஸ்ட் ஃபீல்டுக்குக் கீழே, மதிப்பை உடைக்காமல் அப்படியே வைக்கும் கீவேர்ட் என்ற துணை ஃபீல்டு இருக்கும். "சரியான மதிப்புக்கு டெர்ம் க்வெரியும் கீவேர்ட் துணை ஃபீல்டும், உரைக்குள் தேட மேட்ச் க்வெரியும் மூல ஃபீல்டும்" என்று ஃபீல்டு பெயரோடு எழுதிவிடுங்கள். தானாக உண்டான அந்தத் துணை ஃபீல்டில் 256 எழுத்தைத் தாண்டிய மதிப்புகள் இண்டெக்ஸ் ஆவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நீளமான தலைப்புகள் சில மட்டும் கிடைக்காமல் போவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

### புகாரின் உரை தமிழில் இருந்தால்

உரையைச் சொற்களாக உடைக்கும் ஸ்டாண்டர்ட் அனலைசர் சொல்லின் வேரைப் பிரிக்காது. "மின்வெட்டு" என்று தேடினால் "மின்வெட்டால்", "மின்வெட்டுக்கு" என்று எழுதியவை வராது. மூன்றும் அதற்கு மூன்று வேறு சொற்கள். அனலைஸ் ஏபிஐயில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள், கண்ணெதிரே தெரியும்.

மலிவான தீர்வு விளக்கத்தில் இருக்கிறது: "தமிழ்ச் சொல்லுக்கு முன்னொட்டுத் தேடலைப் பயன்படுத்து, வேற்றுமை உருபு ஏறினாலும் மாறாத பகுதியை மட்டும் அனுப்பு." மதுரை என்பதற்கு "மதுரை" போதும், மதுரையில், மதுரைக்கு எல்லாம் சிக்கும். மின்வெட்டு என்பதற்கு "மின்வெட்ட" என்று அனுப்ப வேண்டும். கடைசி உகரத்தோடு அனுப்பினால் "மின்வெட்டால்" தப்பிவிடும். மரம், குளம் மாதிரிச் சொற்களில் மகரம் தகரமாகிவிடும் என்பதால் "மர", "குள" என்று வெட்ட வேண்டும், அப்போது மரபும் குளவியும் சேர்ந்து வரும். இந்த அளவுக்கு நுணுக்கமாக ஏஜென்ட் எப்போதும் சரியாக வெட்டும் என்று நம்ப முடியாது. விளக்கத்தில் இரண்டு மூன்று எடுத்துக்காட்டு கொடுத்தால் கணிசமாகச் சரியாகும். தமிழ் உரைதான் உங்கள் இண்டெக்ஸின் முக்கியச் சரக்கு என்றால், விளக்கத்தோடு மல்லுக்கட்டாமல் தேடல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஸ்னோபால் என்ற நிரல் தொகுப்பில் தமிழுக்கு ஸ்டெம்மர் (உருபை வெட்டிச் சொல்லின் அடிப்பகுதியை எடுப்பது) இருக்கிறது. அதைப் பொருத்தி முழு டேட்டாவையும் மறுபடி இண்டெக்ஸ் செய்வது அவர் வேலை.

### எப்போது கூப்பிடுவது

ஃபீல்டின் வகையே தப்பு என்று தெரிந்ததும். இருக்கிற ஃபீல்டின் வகையை எலாஸ்டிக்சர்ச்சில் அப்படியே மாற்ற முடியாது, மறு இண்டெக்ஸ் வேண்டும். ஒரு புகாருக்குள் பல கருத்துகள் நெஸ்டட் வகையில் (ஆவணத்துக்குள் ஆவணமாக) அடுக்கப்பட்டிருந்தால் அதற்குத் தனி க்வெரி அமைப்பு தேவை. ஏஜென்டை எழுத வைப்பதைவிட, பொறியாளரைக் கொண்டு அதை டூலுக்குள்ளேயே மறைத்துவிடுவது நல்லது.

## அறிகுறி 3: தேதி தவறுகிறது

### பழைய வருடத்தில் போய்த் தேடுகிறதா?

மாடலுக்கு இன்று என்ன தேதி என்று தானாகத் தெரியாது. "போன மாதம்" என்றால் தனக்குப் பழக்கமான ஏதோ ஒரு வருடத்தை எடுத்துக்கொள்ளும். இன்றைய தேதியை ஏஜென்டின் முதன்மைக் குறிப்பில் கொடுங்கள். அல்லது "இன்று, நேற்று, கடந்த 7 நாள்" மாதிரியான சார்புத் தேதிகளை டூலே ஏற்று, சர்வரில் கணக்கிடட்டும்.

### ஒரு நாள் முன்பின் ஆகிறதா?

எலாஸ்டிக்சர்ச் தேதிகளை உள்ளே யூடிசியில் (உலகப் பொது நேரம்) வைக்கிறது. இந்திய நேரம் நவம்பர் 5 அதிகாலை 2 மணிக்குப் பதிவான புகார் அங்கே நவம்பர் 4 இரவு 8:30. நேர மண்டலம் கொடுக்காமல் "நவம்பர் 5" என்று தேடினால், நள்ளிரவுக்கும் காலை 5:30-க்கும் இடையில் வந்தவை எல்லாம் விட்டுப்போகும். அடுத்த நாள் அதிகாலைப் புகார்கள் உள்ளே வந்துவிடும். மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய சரியாக இருப்பதால் இதை நீண்ட நாள் யாரும் கண்டுபிடிப்பதில்லை. அதிகாலையில் பதிவான ஒரு புகாரின் எண்ணை எடுத்து, அதன் தேதிக்குத் தேடி, வருகிறதா என்று பாருங்கள். தேதி வரம்பைத் தேடும் ரேஞ்ச் க்வெரியில் நேர மண்டலமாக +05:30 கொடுக்க இடம் இருக்கிறது. அதை ஏஜென்டின் பொறுப்பில் விடாமல் டூலுக்குள் நிலையாக வைத்துவிட்டு, விளக்கத்தில் "தேதிகள் இந்திய நேரம், வடிவம் 2024-11-05, தொடக்க நாளும் முடிவு நாளும் சேரும்" என்று மட்டும் எழுதினால் போதும். 05/11 வடிவத்தை ஏற்கவே ஏற்காதீர்கள். நவம்பர் 5 மே 11 ஆகிவிடும்.

### வருடக் கணக்கு வேறா?

"முதல் காலாண்டு" என்றால் இந்திய நிறுவனங்களில் ஏப்ரல் முதல் ஜூன் வரை. மாடல் ஜனவரியிலிருந்து எண்ணத் தொடங்கலாம். ஒரே வாக்கியத்தில் தீர்கிற விஷயம்.

### எந்தத் தேதி?

பதிவான நேரமும் முடித்த நேரமும் இருக்கும்போது "அக்டோபர் புகார்கள்" எந்த நேரத்தைக் குறிக்கும்? பயனர் குறிப்பிடாவிட்டால் எது இயல்பு என்று எழுதுங்கள்.

## அறிகுறி 4: எண்ணிக்கை தப்பு

பதிலில் 10, 1,000, 10,000 ஆகிய எண்களில் ஒன்று முழுசாக வந்தால் சந்தேகப்படுங்கள். எலாஸ்டிக்சர்ச் தேடல் இயல்பாக 10 முடிவுகளைத்தான் தரும். ஏஜென்ட் அதை எண்ணிவிட்டு "மொத்தம் 10 புகார்கள்" என்று சொல்லும். தொகுப்புக் க்வெரியிலும் இயல்பு 10 தொகுதிகள்தான், அதனால் "நாங்கள் 10 நகரங்களில் புகார் பெற்றிருக்கிறோம்" என்ற பதில் வரும். எலாஸ்டிக்சர்ச்சின் க்வெரி மொழியான இஎஸ்க்யூஎல்லில் இயல்பு வரம்பு 1,000 வரி. சாதாரணத் தேடலில் மொத்த எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டினால் அதற்கு மேல் எண்ணாமல் 10,000 என்றே காட்டி, பக்கத்தில் "இதற்குச் சமம் அல்லது அதிகம்" என்ற குறியைப் போடும். டூல் அந்தக் குறியை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் ஏஜென்ட் எப்படிக் கண்டுபிடிக்கும்?

எளியதிலிருந்து போனால்: முதலில் விளக்கத்தில் "ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் இத்தனை முடிவு, எண்ணிக்கைக்கு இதைப் பயன்படுத்தாதே" என்று எழுதுங்கள். அடுத்து, பதிலின் தலையிலேயே ஒரு வரி வரட்டும்: "பொருந்தியவை 342, இங்கே காட்டப்பட்டவை 10." நான் பார்த்தவரை, விளக்கத்தில் எழுதும் எந்த எச்சரிக்கையைவிடவும் இந்த ஒரு வரி நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் எண் தேவைப்படும் அந்த நேரத்தில் அது கண்ணெதிரே இருக்கிறது. மூன்றாவது, எண்ணுவதற்கென்று தனி டூல். துல்லியமான மொத்தம் வேண்டுமென்றால் மொத்தத்தை முழுசாக எண்ணும் அமைப்பை இயக்க வேண்டும். பெரிய இண்டெக்ஸில் அதற்குச் செலவு உண்டு என்பதால் தரவுத்தளத்தைப் பராமரிப்பவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

## அறிகுறி 5: முடிவு வருகிறது, சம்பந்தம் இல்லை

### வெக்டர் தேடலா?

உரையை எண்களின் வரிசையாக (வெக்டர்) மாற்றிப் பொருள் அடிப்படையில் தேடும் வெக்டர் தேடல், கேட்ட எண்ணிக்கையில் மிக அருகில் உள்ளவற்றைத் தரும். அருகில் என்றால் இருப்பதிலேயே அருகில். பொருத்தமானது ஒன்றுகூட இல்லாவிட்டாலும் 10 கேட்டால் 10 வரும். இது தெரியாத ஏஜென்ட், வந்ததையெல்லாம் விடையாக எடுத்துக்கொண்டு கதை கட்டிவிடும். "முடிவு வந்தது என்பதாலேயே பொருத்தம் என்று கொள்ளாதே, உரையைப் படித்து, கேள்விக்குப் பொருந்தாவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல்" என்று விளக்கத்தில் எழுதுங்கள். அடுத்த படி, குறைந்தபட்ச ஒற்றுமை அளவை வைத்து அதற்குக் கீழே உள்ளவற்றை டூலே வடிகட்டுவது.

### புகார் எண்ணையோ பிழைக் குறியீட்டையோ தேடியதா?

ஏழு இலக்கப் புகார் எண்ணை வெக்டர் தேடலில் கொடுத்தால் அதைப் போலவே தோற்றமளிக்கும் வேறு எண்கள் வரும். "எண், குறியீடு, பெயர் என்றால் சொல் தேடல் டூல், பிரச்சினையை விவரித்துக் கேட்டால் பொருள் தேடல் டூல்" என்று இரண்டு விளக்கங்களிலும் எழுதுங்கள், ஒன்றில் மட்டும் எழுதினால் போதாது. பயனர்கள் இரண்டையும் கலந்துதான் கேட்கிறார்கள் என்றால், இரண்டு தேடலையும் சேர்த்து வரிசைப்படுத்தும் கலப்புத் தேடலை அமைக்கத் தேடல் பொறியாளர் வேண்டும்.

## அறிகுறி 6: ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறது

காரணம் பெரும்பாலும் பிழைச் செய்தியில் இருக்கிறது. ஏஜென்டைப் பொறுத்தவரை பிழைச் செய்தியும் ஒரு விளக்கம்தான், அதுவும் சரியான நேரத்தில் வருகிற விளக்கம். "400, தவறான கோரிக்கை" என்று மட்டும் வந்தால் அது ஒரு காற்புள்ளியை மாற்றிப் போட்டு மறுபடி முயலும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"நிலை என்ற பாராமீட்டருக்கு 'க்ளோஸ்ட்' ஏற்கப்படாது. ஏற்கத்தக்கவை: ஓபன், டபிள்யூஐபி, சிஎல்எஸ்டி. முடிந்த புகாருக்கு சிஎல்எஸ்டி."

அடுத்த அழைப்பிலேயே சரியாகிவிடும். சுழியம் முடிவுக்கும் வெறும் காலிப் பட்டியலை அனுப்பாதீர்கள், "இந்த மூன்று ஃபில்டர்களோடு ஒன்றும் இல்லை. தேதி ஃபில்டரை எடுத்தால் 27 உண்டு" என்று சொல்ல முடிந்தால் எவ்வளவோ அழைப்புகள் மிச்சமாகும். எம்சிபி சர்வர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: டூலுக்குள் நேர்ந்த பிழையைப் பதிலுக்குள்ளேயே, பிழைக் குறியோடு அனுப்ப வேண்டும். நெறிமுறைப் பிழையாக அனுப்பினால் அந்தச் செய்தி மாடலின் கண்ணுக்கே போகாமல் இருக்கக்கூடும்.

செய்தி தெளிவாகியும் சுற்றுகிறது என்றால், ஏஜென்டை ஓட்டும் நிரலில் மறுமுயற்சிக்கு வரம்பு வைக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 7: மெதுவாகிறது, பாதியில் நின்றுபோகிறது

திரும்பி வருவதன் அளவைப் பாருங்கள். ஆவணத்தோடு சேர்ந்து வெக்டர் ஃபீல்டும் வருகிறதா? உரையை வெக்டராக்கும் ஓபன்ஏஐயின் சின்ன எம்பெடிங் மாடலே ஒரு ஆவணத்துக்கு 1,536 எண்கள் தரும். பத்து முடிவு என்றால் பதினைந்தாயிரம் எண்கள், ஏஜென்டுக்கு ஒன்றுகூடப் பயன்படாது. அதை நீக்குங்கள். அப்புறம் தேவையான ஃபீல்டுகளை மட்டும் அனுப்பி, முழு உரை வேண்டுமென்றால் புகார் எண்ணைக் கொடுத்துத் தனியாக எடுக்க ஒரு டூல் வையுங்கள்.

விளக்கமே பூதமாக இருந்தாலும் இதே அறிகுறிதான். மேப்பிங் முழுவதையும் விளக்கத்தில் ஒட்டாதீர்கள். பயனர் கேள்விகளில் உண்மையில் வரும் ஃபீல்டுகள் மட்டும் போதும். இவையெல்லாம் சரியாக இருந்தும் தரவுத்தளமே திணறினால் அது க்வெரியின் செலவு. தரவுத்தளத்தைப் பராமரிப்பவரிடம் போக வேண்டியது.

## அறிகுறி 8: நேற்று வரை நன்றாக ஓடியது

மூன்றில் ஒன்று மாறியிருக்கும்: மாடலின் பதிப்பு, இண்டெக்ஸ், அல்லது விளக்கம். விளக்கத்தை கிட்டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) வைத்திருந்தால் மூன்றாவதை உடனே பார்த்துவிடலாம். இண்டெக்ஸ் பக்கம், புதிய மாதத்துக்குப் புதிய இண்டெக்ஸ் உருவாகி டூல் பழைய பெயரிலேயே தேடிக்கொண்டிருக்கலாம். அல்லது யாராவது நிலைப் பட்டியலில் புதுக் குறியீடு சேர்த்திருக்கலாம். அந்தப் பட்டியலைக் கையால் எழுதாமல், டூல் தொடங்கும்போது இண்டெக்ஸிலிருந்தே எடுத்து விளக்கத்தில் சேர்க்கும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

இதற்கெல்லாம் ஒரு கேள்விக் கோப்பு வேண்டும். பயனர்கள் உண்மையில் கேட்டவற்றிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த டூல் அழைக்கப்பட வேண்டும், எந்தப் புகார் எண் கட்டாயம் வர வேண்டும் என்று எழுதி வையுங்கள். விடையே இல்லாத கேள்விகளும் அதில் இருக்கட்டும். விளக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் முழுக் கோப்பையும் ஓட்டுங்கள். ஓர் அறிகுறிக்குச் சேர்த்த வாக்கியம் இன்னொன்றைக் கிளப்பிவிடுவது சாதாரணம். எண்ணும் டூலைப் பற்றி அழுத்தமாக எழுதியதும், பட்டியல் கேட்டாலும் எண்ணிக்கையை மட்டும் சொல்ல ஆரம்பிக்கும். மாடல் ஒரே கேள்விக்கு வேறு வேறு மாதிரி நடக்கும் என்பதால் ஒவ்வொரு கேள்வியையும் சில முறை ஓட்டிப் பாருங்கள்.

கோப்பில் ஒரு கேள்வி மட்டும் விடாமல் தோற்கிறது, மேலே சொன்ன எந்தக் கிளையும் உதவவில்லை என்றால் பொறியாளரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. "ஏஜென்ட் தப்பாகச் சொல்கிறது" என்று மட்டும் சொல்லாமல், கேள்வி, ஏஜென்ட் அனுப்பிய மதிப்புகள், தரவுத்தளத்துக்குப் போன க்வெரி, வந்த பதில், வந்திருக்க வேண்டிய புகாரின் எண், அந்த நேரத்தில் இருந்த விளக்கம், மேப்பிங் ஆகிய ஏழையும் ஒரே கோப்பில் அனுப்புங்கள்.